வெனிஷியன் பிளாஸ்டர் உண்மையிலேயே வெனிஸில் பிறந்ததா?

புதுவீடு:
ஹாலில் ஒரே ஒரு சுவரை மட்டும் விசேஷமாகப் பூசலாம் என்று ஒரு ஷோரூமுக்குப் போனோம். 'வெனிஷியன் பிளாஸ்டர்' என்று ஒரு மாதிரிப் பலகையைக் காட்டினார்கள். தொட்டால் ஜில்லென்று இருக்கிறது, பார்த்தால் பளிங்கேதான். கையில் கொடுத்த பிரசுரத்தில் 500 வருடங்களுக்கு முன் வெனிஸ் நகரத்துக் கைவினைஞர்கள் கண்டுபிடித்த ரகசியம் என்று போட்டிருக்கிறது. கூட வந்த என் மாமனாருக்குக் காரைக்குடிப் பக்கம். பலகையைத் தடவிப் பார்த்துவிட்டு, "இது எங்க ஊர் முட்டைச் சுவர்தானே, இதுக்கா சதுர அடிக்கு இவ்வளவு?" என்றார். கடைக்காரர் சும்மா இருந்திருக்கலாம். செட்டிநாட்டுக்காரர்களே இத்தாலியில் பார்த்துத்தான் இதைச் செய்தார்கள் என்று சொல்லப்போக, மாமனாருக்குக் கோபம் வந்துவிட்டது, ஒன்றும் வாங்காமல் திரும்பிவிட்டோம்.

இப்போது எனக்கு இரண்டு சந்தேகம். இந்தப் பளபளப் பூச்சு நிஜமாகவே எங்கே தொடங்கியது? அப்புறம், டப்பாவில் விற்கிற சரக்குக்கும் அந்தப் பழைய பூச்சுக்கும் ஏதாவது சம்பந்தம் உண்டா?

வைகைக்கரை:
மாமனார் சொன்னதுதான் சரி. மதுரைக்கு வந்து திருமலை நாயக்கர் மகாலைப் பாருங்கள். 1636இல் கட்டியது. செங்கல் வளைவுகள் மேல் கிளிஞ்சல் சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்துப் பூசி இழைத்திருக்கிறார்கள், சுதை வேலைப்பாடு அத்தனையும் சுண்ணாம்பு. நம்ம ஊரில் இருந்ததை வெள்ளைக்காரன் கொண்டுபோய்ப் பேர் வைத்து, டப்பாவில் அடைத்து, நமக்கே திருப்பி விற்கிறான். வழக்கமான கதைதான்.

நூலகப்பூனை:
வைகைக்கரை அண்ணே, ஊர்ப்பற்று சரி, ஆனால் 1636ஐக் காட்டி இந்த வழக்கை ஜெயிக்க முடியாது. வெனிஸ் பக்கத்துக் கட்டடக் கலைஞர் பல்லாடியோ செங்கல்லால் தூண் கட்டி, மேலே சுண்ணாம்பும் பளிங்குத்தூளும் பூசிக் கல்தூண் என்று நம்பவைத்தது 16ஆம் நூற்றாண்டில். அவர் இறந்தது 1580. ஆக அந்தப் போட்டியில் வெனிஸ் பக்கம் முந்திக்கொள்கிறது.

அதற்காகப் பிரசுரத்தில் இருப்பது உண்மை என்றும் ஆகிவிடாது. இதற்கான முழுச் செய்முறையையும் பொது ஆண்டுக்கு முன் முதலாம் நூற்றாண்டிலேயே ரோமானியக் கட்டடக்காரர் விட்ருவியஸ் எழுதி வைத்துவிட்டார். கட்டடக்கலை பற்றி அவர் எழுதிய பத்துப் பகுதிகளில் ஏழாவது முழுக்கப் பூச்சும் வண்ணமும்தான். முதலில் ஒரு சொரசொரப்பான அடிப்பூச்சு. அதன்மேல் மணலும் சுண்ணாம்பும் மூன்று கை. அதற்கும் மேல் பளிங்குத்தூளும் சுண்ணாம்பும் மூன்று கை, முதலில் பருமன், அடுத்தது நடுத்தரம், கடைசியில் மாவு. ஏன் இத்தனை என்பதற்கும் காரணம் சொல்கிறார்: மெல்லிய தகட்டில் செய்த வெள்ளிக் கண்ணாடியில் உருவம் மங்கலாகத் தெரியும், கனமான தகட்டில்தான் பளிச்சென்று தெரியும், சுவரும் அப்படித்தானாம். பழைய சுவர்களிலிருந்து இந்தப் பூச்சைப் பலகையாக வெட்டியெடுத்து மேசைப் பலகையாகப் பயன்படுத்தினார்கள் என்றும் சொல்கிறார். நம் சிமென்ட் பூச்சில் ஓர் ஆணி அடித்துப் பாருங்கள், எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்று தெரியும்.

அவருடைய எழுத்திலேயே இன்னொன்றும் கவனிக்க வேண்டியது. நல்ல பூச்சு வேலைக்கு அவர் உதாரணம் காட்டுவது கிரேக்கப் பூச்சுக்காரர்களை. காரையைத் தொட்டியில் போட்டு ஆட்கள் சேர்ந்து மர உலக்கையால் இடித்துப் பக்குவம் செய்வார்கள் என்கிறார். அதாவது ரோமானியரே 'நாங்கள் கண்டுபிடித்தது' என்று மார்தட்டவில்லை.

சுவரொட்டி:
ஆக வெனிஸ்காரன் ரோமாபுரியிலிருந்து எடுத்தான், ரோமாபுரிக்காரன் கிரேக்கனிடமிருந்து எடுத்தான். கிரேக்கனுக்கு யார் கொடுத்தார்கள் என்று அடுத்த பதிவில் வரும்போல. டீ போட்டுக்கொண்டு வருகிறேன்.

கரண்டிக்காரன்:
பழைய கட்டடங்களைப் பழுதுபார்க்கிற வேலையில் இருக்கிறேன், அதனால் நீளமாக எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

யாருக்கு யார் கொடுத்தது என்ற கேள்வியே எனக்குக் கொஞ்சம் கோணலாகப் படுகிறது. சுண்ணாம்புக்கல்லையோ கிளிஞ்சலையோ சுமார் 900 டிகிரியில் சுட்டால் அதிலுள்ள கரியமிலவாயு வெளியேறி நீறாத சுண்ணாம்பு கிடைக்கும். தண்ணீர் ஊற்றினால் கொதித்து நீறும். சுவரில் பூசிவிட்டால் காற்றிலிருந்து அதே கரியமிலவாயுவை இழுத்துக்கொண்டு மறுபடி கல்லாகும். சுவரில் கடைசியில் நிற்பது வேதியியல்படி பளிங்கில் இருக்கிற அதே பொருள்தான், கால்சியம் கார்பனேட். பளிங்கு மாதிரி இருக்கிறது என்று ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

இப்போது கரண்டி பிடிக்கிறவன் பக்கத்திலிருந்து பாருங்கள். பூச்சு முழுக்க இறுகுவதற்கு முன், ஈரம் பாதி இருக்கும்போது வழுவழுப்பான கல்லாலோ இரும்புக் கரண்டியாலோ அழுத்தித் தேய்த்தால் மேல்தோல் நெருங்கிப் பளபளப்பு ஏறும். இதை ஒருவர் சொல்லித்தர வேண்டியதே இல்லை. வெடிப்பு விழாமல் இருக்க அழுத்தித் தேய்க்கிற எந்தக் கொத்தனாரும் ஒருநாள் தானே பார்த்துவிடுவார். அதற்குப் பிறகு அவரவர் ஊரில் கிடைத்ததைச் சேர்த்துக்கொண்டார்கள். பளிங்குத்தூள் கிடைத்த ஊரில் பளிங்குத்தூள், நம் ஊரில் வெல்லம், கடுக்காய், முட்டை. வெல்லத் தண்ணீரில் சுண்ணாம்பு கூடுதலாகக் கரையும், இறுகுவதும் தாமதமாகும், தேய்க்க நேரம் கிடைக்கும். பழைய ஆட்கள் அதை அறிவியலாகச் சொல்லமாட்டார்கள், "வெல்லம் போட்டா வேலை பிடிக்கும்" என்பார்கள்.

நூலகப்பூனை சொன்ன விட்ருவியஸிடம் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் சுண்ணாம்பைச் சோதிக்கிற இடம். ஊறவைத்த சுண்ணாம்பில் மண்வெட்டியை விட்டுப் பார்க்கச் சொல்கிறார். கட்டி கட்டியாக ஒட்டினால் சரியாக நீறவில்லை, இரும்பு காய்ந்து சுத்தமாக வந்தால் சத்தில்லாத சுண்ணாம்பு, பசை மாதிரி சுற்றி ஒட்டிக்கொண்டால் பதம். இன்னொரு ரோமானிய எழுத்தாளர் பிளினியோ இன்னும் ஒருபடி மேலே போய், மூன்று வருடத்துக்குக் குறைவாக ஊறிய சுண்ணாம்பை ஒப்பந்தக்காரர்கள் பயன்படுத்தக் கூடாது என்று பழைய கட்டடச் சட்டமே இருந்தது என்கிறார். இன்றைக்கு ஒரு பில்டரிடம் மூன்று வருடம் காத்திருங்கள் என்று சொல்லிப் பார்க்க வேண்டும்!

பாலைக்காற்று:
வளைகுடாவில் உள் அலங்கார வேலையில் இருக்கிறேன். இங்கே இப்போது வெனிஸை விட மொராக்கோ பூச்சுக்குத்தான் கிராக்கி, ததலாக்த் என்பார்கள். மராக்கேஷைச் சுற்றியுள்ள சுண்ணாம்பில் களிமண்ணும் சிலிக்காவும் இயற்கையாகவே கலந்திருக்கும், அதனால் தண்ணீர் படுகிற இடத்திலும் இறுகும். கூழாங்கல்லால் தேய்த்து, கடைசியில் ஆலிவ் எண்ணெயில் செய்த கறுப்புச் சோப்பைப் பூசி மறுபடி தேய்ப்பார்கள். சோப்பும் சுண்ணாம்பும் சேர்ந்து தண்ணீரில் கரையாத ஒரு படலமாகிவிடும். உப்புத் தண்ணீரில் சோப்பு போட்டால் நுரைக்காமல் திரிதிரியாக ஒதுங்குமே, அதே சமாச்சாரம்தான்.

கவனிக்க வேண்டியது, இது ஹம்மாம் எனப்படும் குளியல் அறைகளுக்கும் தண்ணீர்த் தொட்டிகளுக்கும் போட்ட பூச்சு. அலங்காரம் என்று யாரும் தொடங்கவில்லை. யேமனிலும் இதே கதை. அங்கே சுண்ணாம்போடு எரிமலைச் சாம்பற்கல்லை இடித்துச் சேர்த்து, நாள்கணக்கில் அடித்து அழுத்தி, கடைசியில் மிருகக் கொழுப்புத் தடவுவார்கள், பெயர் கதாத். கூரைக்கும் நீர்த்தொட்டிக்கும் அதுதான். ராதா என்ற ஊரில் 1504இல் கட்டிய ஆமிரிய்யா மதரசாவைப் பழுதுபார்க்க 1980களில் இறங்கியபோது இந்தக் கைப்பக்குவம் மறந்துபோயிருந்தது, பழைய முறையைத் திரும்ப மீட்டெடுத்துச் செய்து முடித்தார்கள். அந்த வேலைக்கு 2007இல் ஆகா கான் விருது கிடைத்தது.

என் கருத்து, தண்ணீரை நிறுத்தத் தேய்த்தார்கள், பளபளப்பு இலவசமாகக் கிடைத்தது. அழகு பிற்பாடு.

நூலகப்பூனை:
பாலைக்காற்று சொல்வதில் பாதிக்குத்தான் கை தூக்குவேன். தொட்டிக்கும் ஹம்மாமுக்கும் அது சரி. ஆனால் இன்னும் பின்னால் போனால் அப்படி இல்லை. சுவரொட்டி டீயோடு வந்தாயிற்றா?

ஜோர்டானில் அம்மான் பக்கத்தில் ஐன் கஸல் என்று ஒரு கற்கால ஊர். பானை வனையவே தெரியாத காலம், இன்றைக்குச் சுமார் 9,000 வருடங்களுக்கு முன். அந்த ஜனங்கள் சுண்ணாம்பு சுட்டு வீட்டுத் தரையில் பூசி, தேய்த்து மெருகேற்றி, செங்காவி வண்ணமும் தீட்டியிருக்கிறார்கள். அதே சுண்ணாம்பில், நாணல் கட்டுக்கு மேல் அப்பி மனித உருவங்கள் செய்து, கண்ணுக்குத் தார் கொண்டு கோடிட்டுப் புதைத்திருக்கிறார்கள், அவை 1983இல் வெளியே வந்தன. சோறாக்கப் பானை இல்லை, பளபளத் தரை இருக்கிறது! எரிகோ என்கிற ஜெரிகோவில் இறந்தவர் மண்டையோட்டின் மேலேயே பூசி முகம் செய்தார்கள். இதில் எங்கே தண்ணீரைத் தடுக்கிற வேலை?

துருக்கியில் சாத்தல்ஹோயுக் என்ற இன்னொரு கற்கால ஊரில் வேறு மாதிரி. வெள்ளைக் களிமண்ணை மெல்லிசாகச் சுவரில் பூசிப் பூசி, அடுப்புப் புகை படிந்ததும் மேலே இன்னொரு பூச்சு, அதன்மேல் சில சமயம் ஓவியம், அதையும் மூடி மறுபடி பூச்சு. வெட்டிப் பார்த்தால் ஒரே சுவரில் அடுக்கு அடுக்காகப் புகைக்கோடு தெரிகிறது. பொங்கலுக்கு வெள்ளையடிக்கிற வீடுகளில் வளர்ந்த யாருக்கும் இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

சுவரொட்டி:
டீ வந்தது, ஆறியும் விட்டது. எனக்கு ஒரு சந்தேகம், சுண்ணாம்பு சுண்ணாம்பு என்கிறீர்களே, ஜிப்சம் எங்கே போனது? நான் பார்க்கிற எல்லா ஃபால்ஸ் சீலிங்கும் ஜிப்சம்தான்.

நூலகப்பூனை:
நல்ல கேள்வி, அது தனி வம்சம். ஜிப்சம் கல்லைச் சுட 150 டிகிரி போதும், சுண்ணாம்புக்கு 900. விறகுக்குப் பஞ்சமான எகிப்தில் பிரமிடு காலத்திலிருந்தே ஜிப்சம் ஓடியதற்கு இதைத்தான் காரணமாகச் சொல்வார்கள். சீக்கிரம் இறுகும், அச்சில் வார்க்கலாம், கத்தியால் செதுக்கலாம், ஆனால் தண்ணீர் ஆகாது. அதனால் அது மழை குறைந்த நாடுகளில் செதுக்கு வேலையாக வளர்ந்தது. ஈராக்கின் சாமர்ரா 9ஆம் நூற்றாண்டில் அப்பாசிய கலீஃபாக்களின் தலைநகரமாக இருந்தபோது, பெரிய பெரிய அரண்மனைகளை மண்செங்கல்லில் அவசரமாகக் கட்டி, சுவரின் கீழ்ப்பகுதி முழுக்க அச்சு வார்த்த ஜிப்சம் அலங்காரத்தால் மூடினார்கள். பிற்பாடு ஸ்பெயினில் அல்ஹம்ப்ரா அரண்மனை வரை அந்தச் செதுக்குப் பூச்சின் சொந்தக்காரர்கள்தான். 17ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் கார்ப்பி ஊரில் ஜிப்சத்தோடு வஜ்ஜிரப் பசையும் வண்ணமும் பிசைந்து, நிறப்பளிங்கு பதித்தது போலச் செய்தார்கள், ஸ்காலியோலா என்று பெயர். மாமனார் தடவிப் பார்த்தது இந்த வம்சம் இல்லை.

வைகைக்கரை:
சரி, ஒப்புக்கு வைத்துக்கொள்வோம், எல்லாருக்கும் தெரிந்த வித்தை என்றால் வெனிஸுக்கு மட்டும் ஏன் பேர்? வேறு எந்த ஊர்ப் பேரும் டப்பாவில் இல்லையே.

நூலகப்பூனை:
அதற்குச் சுவாரசியமான பதில் இருக்கிறது. ரோமப் பேரரசு விழுந்த பிறகு ஸ்டக்கோ எனப்படும் நல்ல வெள்ளைப் பூச்சு வேலையின் கைப்பக்குவம் இத்தாலியில் மங்கிவிட்டது. 1480 வாக்கில் ரோமில் பழைய பேரரசன் நீரோவின் பொன் மாளிகை மண்ணுக்கடியில் அகப்பட்டது, மேலே ஓட்டை போட்டுக் கயிற்றில் இறங்கிப் பார்த்தார்கள். ஓவியர் ரஃபேலின் பட்டறையில் இருந்த ஜொவான்னி தா ஊதினே அங்கே போய், அந்தக் கூரையின் வெள்ளைப் பூச்சு எதில் செய்தது என்று மண்டையை உடைத்துக்கொண்டார். எரிமலை மண் சேர்த்தார், நிறம் வரவில்லை. கடைசியில் வெண்பளிங்குச் சில்லை மாவாக இடித்துச் சலித்து, டிராவர்டைன் என்ற சுண்ணாம்புக்கல்லில் சுட்ட வெள்ளைச் சுண்ணாம்போடு கலந்ததும் பிடிபட்டது. இதை அந்தக் காலத்துக் கலைஞர்களின் வாழ்க்கையை எழுதிய வசாரி எழுதி வைத்திருக்கிறார். வத்திக்கானில் ரஃபேல் குழு செய்த தாழ்வாரங்களில் அதைக் காணலாம்.

1527இல் ஸ்பெயின், ஜெர்மானியப் படைகள் ரோமைச் சூறையாடியபோது கலைஞர்கள் நாலாபக்கமும் சிதறினார்கள். சிற்பியும் கட்டடக் கலைஞருமான சான்சொவினோ வெனிஸுக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டார். 1530களின் கடைசியில் நம் ஜொவான்னியே வெனிஸில் கிரிமானி குடும்பத்து மாளிகையில் ஸ்டக்கோ அறைகள் செய்தார், இன்றும் போய்ப் பார்க்கலாம். ஆக வெனிஸுக்கு வித்தை வந்த வழியே தெரிகிறது, அதை 'வெனிஸ் கண்டுபிடித்தது' என்று எப்படி அச்சடிக்கிறார்கள்?

ஆனால் வெனிஸில் அது வேரூன்றக் காரணம் உண்டு. மரக்கழிகளை நட்டுச் சேற்றின் மேல் நிற்கிற ஊர் அது. சுவரெல்லாம் கல் பலகை பதித்தால் கனம் தாங்காது, செலவும் தாங்காது. உப்புத்தண்ணீர் செங்கல்லில் ஏறிக்கொண்டே இருக்கும், அது ஆவியாக வெளியேற வழி வேண்டும். செங்கல், ஓடு இடித்துச் சேர்த்த அடிப்பூச்சு, மேலே பளிங்கோ இஸ்திரியா என்ற பக்கத்துப் பகுதியின் வெள்ளைச் சுண்ணாம்புக்கல்லோ பொடித்துச் சேர்த்த மெல்லிய பூச்சு, மர்மொரினோ என்பார்கள். எடை குறைவு, சுவர் மூச்சு விடும், தூரத்தில் பார்த்தால் கல். வெனிஸின் புத்திசாலித்தனம் அங்கேதான், பொருளை அந்த ஊர்ச் சுவருக்குப் பொருத்தியதில்.

பிறகு அதுவும் மங்கி, 20ஆம் நூற்றாண்டில் வெனிஸில் பிறந்த கட்டடக் கலைஞர் கார்லோ ஸ்கார்ப்பா நவீனக் கட்டடங்களில் மறுபடி எடுத்தாண்டார். வெரோனாவில் காஸ்டெல்வெக்கியோ அருங்காட்சியகத்தில் சிலைகளுக்குப் பின்னால் அவர் வைத்த வண்ணப் பூச்சுப் பலகைகள் பிரபலம். டப்பாவில் வெனிஸ் பேர் வந்ததில் ஸ்கார்ப்பாவுக்குப் பெரிய பங்கு என்பது என் எண்ணம்.

கரண்டிக்காரன்:
நன்றாகச் சொன்னீர்கள். இனி மாமனார் கோபத்துக்கு வருகிறேன்.

கடைக்காரர் தடுமாறியதற்கு ஒரு காரணம் புரிகிறது. செட்டிநாட்டு வீடுகளில் பெரும்பாலானவை 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து 1940கள் வரை எழுந்தவை. இத்தாலியப் பளிங்கு வந்தது, பர்மா தேக்கு வந்தது, ஐரோப்பிய ஓடு, கண்ணாடி எல்லாம் வந்தது. அதனால் சுவரும் கப்பலில் வந்திருக்கும் என்று நினைத்துவிட்டார். ஆனால் சென்னையில் கிளிஞ்சல் சுண்ணாம்புப் பூச்சைப் பார்த்து, தூணெல்லாம் பளிங்கா என்று வெள்ளைக்காரர்கள் வியந்து எழுதியது 18ஆம் நூற்றாண்டிலேயே. அவர்களே அதை 'மெட்ராஸ் சுனம்' என்று சொல்லித்தான் ஊருக்கு எழுதினார்கள். சுண்ணாம்புத் தளத்தின் மேல் ஓவியம் தீட்டுவதற்குத் தஞ்சைப் பெரிய கோயில் உள்சுற்றே சாட்சி. நாயக்கர் காலத்து ஓவியத்துக்கு அடியில் சோழர் காலத்து ஓவியம் மறைந்திருப்பது 1931இல்தான் தெரிந்தது. அப்படிப் பார்த்தால் நம் ஆட்கள் இத்தாலிக்குப் போகவும் வேண்டாம், இத்தாலிக்காரர் இங்கே வரவும் வேண்டாம். வைகைக்கரை அண்ணே, கொண்டுபோய் விற்றான் என்பதற்கும் ஆதாரம் இல்லை.

அடுத்தது டப்பா. அந்தப் பெயரில் இரண்டு சரக்கு விற்கிறது. ஒன்று நிஜச் சுண்ணாம்பு, நீறவைத்து ஊறிய விழுது, பளிங்குத்தூள் சேர்த்தது. மற்றது அக்ரிலிக் பிசினில் பளிங்குத்தூள் போட்டது. இரண்டாவது மோசம் என்று சொல்லமாட்டேன், வேலை சுலபம், கறை படாது. ஆனால் அது பெயின்ட் குடும்பம், கல்லாக மாறாது. இரண்டுக்கும் ஒரே விலை சொன்னால் கேள்வி கேளுங்கள்.

சுவரொட்டி:
எலுமிச்சம்பழச் சாறு விட்டுப் பார்த்தால் தெரிந்துவிடாதா? பொங்கினால் சுண்ணாம்பு.

கரண்டிக்காரன்:
ஏமாறுவீர்கள். அக்ரிலிக் சரக்கிலும் பளிங்குத்தூள் இருக்கிறதே, அதுவும் பொங்கும். அதுவுமில்லாமல் நல்ல சுண்ணாம்புச் சுவரில் எலுமிச்சை விட்டால் அந்த இடம் மங்கி நிரந்தரக் கறையாகிவிடும், கடைக்காரர் பலகைக்குக் காசு கேட்பார். சுவரைச் சோதிக்காதீர்கள், டப்பாவைத் திறக்கச் சொல்லி ஈர விழுதைச் சோதியுங்கள். காரத்தை அளக்கிற பி.எச். கணக்கில் சுண்ணாம்பு 12க்கு மேல், பி.எச். தாளில் வைத்தால் உடனே தெரியும். மஞ்சள் தண்ணீரில் ஒரு துளி போட்டாலும் ஆரத்தி நிறத்துக்குச் சிவக்கும், ஆனால் அக்ரிலிக்கும் லேசான காரம் என்பதால் அரைகுறைச் சிவப்பு காட்டலாம், தாள்தான் நம்பிக்கை. கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

புதுவீடு:
எல்லாருக்கும் நன்றி. மாமனாருக்கு இழை முழுவதையும் படித்துக் காட்டினேன். நூலகப்பூனை சொன்ன ஜோர்டான் விஷயத்தில் சமாதானமாகிவிட்டார், வெனிஸுக்கு முந்தியது என்றால் யாராக இருந்தாலும் அவருக்குச் சம்மதம். கரண்டிக்காரன் அண்ணா, கடைசியாக ஒன்று. நிஜச் சுண்ணாம்பே பூசலாம் என்றிருக்கிறோம். சுவரில் ஏற்கெனவே சிமென்ட் பூச்சு, வால் புட்டி, ஒரு கை பிரைமர் வரை முடிந்துவிட்டது. அதன் மேலேயே பூசலாமா?

கரண்டிக்காரன்:
கூடாது. புட்டியும் பிரைமரும் வழவழப்பு, சுண்ணாம்புக்குப் பிடிமானம் இருக்காது, ஈரத்தையும் உறிஞ்சாது. மேல்பூச்சு அட்டை அட்டையாகப் பெயர்ந்துவரும். அந்த ஒரு சுவரில் மட்டும் சிமென்ட் தெரிகிற வரை சுரண்டி எடுத்து, கொத்திவிட்டு, நன்றாக நனைத்து, சுண்ணாம்பும் மணலும் சேர்த்த அடிப்பூச்சிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள். ஒரு கைக்கும் அடுத்த கைக்கும் நடுவில் இடைவெளி விட வேண்டும், கொத்தனார் அவசரப்பட்டால் விடாதீர்கள். சுவர் எந்த ஊரில் என்று தனிமடலில் சொன்னால், அந்தப் பக்கம் சுண்ணாம்பு வேலை தெரிந்த மேஸ்திரி யாராவது இருக்கிறாரா என்று விசாரிக்கிறேன். மாமனாரை வேலை நடக்கும்போது பக்கத்தில் உட்கார வையுங்கள், முட்டைக் கணக்கு அவர் பார்த்துக்கொள்வார்.